பூஜ்யக் கோடு

நரசிங்கம், மொட்டை மாடி, இரவு பதினொன்றரை.
தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு ஆன்டெனா,
உடைந்த சிலேட்டுத் துண்டு அளவு.
ஒன்று பேச, ஒன்று கேட்க.

கீழே யானைமலை அடிவாரச் சாலையில்
ரிசீவரை மொபெட்டில் கயிறு போட்டுக் கட்டி
முத்திருளாண்டி போகிறான், வருகிறான்.
செல்போனை என்னிடம் கொடுத்திருக்கிறான், சார்ஜ் போட.

அனுப்புகிற அலை ஒன்றுதான்.
அவன் பெட்டிக்குள் அது செய்தி.
அவன்மேல் பட்டு எனக்குத் திரும்புகையில்
அதுவே அவன் தூரம், அவன் வேகம்.
சொன்னது என்னவென்று சொன்னவளுக்குத் தெரியுமே;
எதிரொலியை அந்தச் சொல்லாலேயே வகுத்தால்
சொல் கழிந்துபோகும், ஆள் மிஞ்சுவான்.
மூன்று வருட ஆராய்ச்சி இவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் இரைச்சல்.

ஆனால் ஒரு வில்லங்கம்.
தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னால்
திரையில் அவன் ஊசிமுனையாய்த் தெரிகிறான்,
அவனுக்கோ அதில் ஒரு எழுத்தும் இல்லை.
புதிதாக ஏதும் சொல்லப்போனால்
புள்ளி பிசிறுகிறது, முறுக்கு மாவு போல.
அலைவரிசைகளைப் பாதிப் பாதி பிரித்தும் பார்த்தேன்.
எந்தப் பாகப்பிரிவினையில்
இரண்டு தரப்பும் சிரித்திருக்கிறது?

சோதனை நாற்பத்தொன்று. சோதனை நாற்பத்திரண்டு.
இதைத்தான் அவன் இரவெல்லாம் வாசித்துக்கொண்டு போகிறான்.

அவன் போன் அடித்தது.
பெரியாஸ்பத்திரியிலிருந்து அவன் கொழுந்தியாள்,
மூச்சு வாங்க.

நாற்பத்து மூன்றை அழித்துவிட்டுத் தட்டினேன்:
"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சுகம்."
படம் பிசிறட்டும் என்று
எல்லா அலைவரிசையையும் சொல்லுக்கே கொடுத்தேன்.

நொடிக்கு ஒன்பது மீட்டரில் போன புள்ளி
ஆறாயிற்று. இரண்டாயிற்று.
பிறகு காணோம்.

அசையாததெல்லாம் திரையில் ஒரே கோட்டில் விழும்,
பூஜ்யக் கோடு.
கரண்ட் கம்பம், கல் மண்டபம்,
படுத்த யானையாய் அத்தனை பெரிய மலை,
எல்லாம் அதில்தான்.
அவனும் அதற்குள் போய்விட்டான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோட்டின் ஓரத்தில், இருநூற்றுப் பத்து மீட்டரில்,
மிக மெல்லிசாய் ஒரு நடுக்கம்.
எஞ்சின் அதிர்வு என்று நோட்டில் எழுதினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டேதான் வந்து சேர்ந்தான்.
"பிள்ளன்னு வாசிச்சதுமே ஆஃப் பண்ணிட்டேன் மேடம்,
அப்புறம் சனியன் ஸ்டார்ட்டே ஆகல."

எழுதியதை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.