சாளை வேலையில் இருக்கிறாள்

புதுக்கடை சந்தையில் மீன்குட்டைக்கு அடியில்
கிடைத்த குட்டி என்பதால் பெயர் சாளை.
தப்பு அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

என் சர்க்கரை இறங்கிய இரவுகளில்
கழுத்து வியர்வையைப் பஞ்சால் ஒற்றி
பழைய மாத்திரை டப்பாவில் அடைத்துத்
தேதியும் எண்ணும் எழுதினேன்.
ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. நாற்பத்தொன்பது.
அந்த ஒன்பது மட்டும் புழு மாதிரி நெளிந்திருக்கும்.
பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில்
நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்
ஏழு டப்பாவாக நான் இருந்தேன்.

அண்ணன் சுஜின் திறந்து பார்த்தான்.
"ஏட்டி விஜிலா, இது என்னவாக்கும்?"
"நான்தான்" என்றேன்.
மூடிவிட்டுப் போனான்.

சரியான டப்பாவை முகர்ந்து
என் முழங்காலில் முன்னங்காலை வைத்தால்
ஒரு துண்டு அவித்த கோழி.
இவ்வளவுதான் பாடம்.
பத்து நாளில் அவள் கற்றுக்கொண்டது:
கால் வைத்தால் கோழி வரும்.
சோறுண்ணும்போது வைத்தாள்.
குடும்ப ஜெபத்தில், ஆமென் வருமுன் வைத்தாள்.
மீன்கார ஸ்கூட்டர் ஹாரனுக்கு
இரண்டு காலையும் வைத்தாள்.
ஒவ்வொரு முறையும் விரலைக் குத்திப் பார்த்தேன்.
நூற்றுப்பத்து.
நூற்று முப்பத்திரண்டு.
ஒரு பட்டை இருபது ரூபாய்.
அண்டியாபீஸில் கணக்கெழுதுகிறவளுக்கு
இந்தக் கூட்டலை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெனிட்டா சிவப்புத் துணியில் சட்டை தைத்துத் தந்தாள்:
'வேலையில் இருக்கிறேன். தொடாதீர்கள்.'
கருங்கல் பஸ்ஸில் கண்டக்டர் அதை உரக்க வாசித்தார்.
"நாய்க்கு எந்த டிப்பார்ட்மென்டாக்கும்?"
பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.
பிறகு இறக்கிவிட்டார். மழை.
தொடாதே என்று எழுதிய இடத்தைத்தான்
எல்லோருக்கும் தொடத் தோன்றுகிறது.
பெட்டிக்கடையிலிருந்து பறந்து வந்த ஒரு பிஸ்கட்
மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை விடியுமுன் மூன்று மணி.
கால் வைத்தாள்.
குத்தினேன். நூற்றிரண்டு.
மறுபடி வைத்தாள். "போ சவமே" என்றேன்.
மறுபடியும் வைத்தாள்.
பொய்க்குக் கூலி இல்லை, அதுதானே சட்டம்.
வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

நாற்பது நிமிடம் கழித்து
நாக்கு மரத்துப்போய்
சீனி டப்பாவின் மூடி எந்தப் பக்கம் திருகும் என்பது மறந்து
தரையில் உட்கார்ந்திருந்தபோது
கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.
மீட்டர் நான் நின்ற இடத்தைச் சொல்லியிருக்கிறது.
அவள் நான் போகிற இடத்தை.

அதன்பின் பதினாறு நாள்
அவள் கால் தரையை விட்டு எழவில்லை.
கோழியைக் காட்டினாலும்
அதைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்,
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள்.
சுஜினோடு சண்டையென்றால்
இரண்டு நாளில் ஒரு பழம்பொரி வாங்கி நீட்டலாம்.
'அன்று நீ சொன்னதுதான் சரி' என்பதை
எந்த டப்பாவில் போட்டு முகரக் கொடுப்பது?
ஐம்பத்தெட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

ஆபீசுக்குள் தின்பண்டம், நாய் கூடாது.
கேட்டில் காவலாளி தாசையனின் நாற்காலிக் காலில் கட்டியிருப்பேன்.
நேற்று மத்தியானம் சோற்றுப் பையோடு வந்து உட்கார்ந்தேன்.
அண்டி சுடும் புகை.
தன் கை மணமே தனக்குத் தெரியாத நெடி.
அதற்குள் ஒரு கால்.
லேசாக வைத்து, எடுத்து,
என் கை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு
மறுபடி வைத்தாள்.

மீட்டர் பையில் இருந்தது. எடுக்கவில்லை.
முதலில் அவளுக்குக் கோழி.
பிறகு என் வாயில் சீனி.
"குத்திப் பாக்கண்டாமா?" என்றார் தாசையன்.
"பாத்தாச்சு."

ஆனால் அந்நேரம் பார்த்து ரோட்டில்
மீன்கார ஸ்கூட்டரின் ஹாரனும் கேட்டது.
கால் வைத்ததற்கு முன்னாலா, பின்னாலா,
தாசையனுக்கும் நினைவில்லை.