மக்வாலாவின் பங்கு

தாளில் எழுதிப் பிரித்துக்கொண்டார்கள்.
அடுப்பு அவளுக்கு, பால்கனி அவனுக்கு.
ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவளுக்கு.
குளியலறை, ஒற்றைப்படை மணிகளில் அவனுக்கு.
பதினாறாம் வரியில் மடிக்கணினி:
சி நுக்ஸாருக்கு,
டி மக்வாலாவுக்கு.

ருஸ்தாவியில் விவாகரத்து கிடைத்துவிடும்.
வீடுதான் விற்காது.
காசு போட்டால் மட்டும் ஏறுகிற லிஃப்ட்,
எஃகு ஆலையைப் பார்த்த ஜன்னல்.
வாங்க வந்த மூன்று பேரும்
ஜன்னலைத் திறந்தார்கள், மூடினார்கள்,
படியிறங்கியே போய்விட்டார்கள்.
ஆகவே கூடத்தின் நடுவே ஒரு ஜிப்சம் சுவர்.
அந்தப் பக்கம் தும்மினால்
வாழ்த்துச் சொல்லிவிடாமலிருக்க
இந்தப் பக்கம் பல்லைக் கடிக்க வேண்டும்.

நான் அவர்களுக்குக் கீழ்மாடி.
பள்ளிக்கூடங்களின் பிரிண்டர்களைப் பழுதுபார்ப்பவன்,
அதனால் இந்தக் கட்டடத்தின்
கணினிப் பாவமெல்லாம் என் தலையில்.
மக்வாலா பென் டிரைவோடு வந்து நின்றாள்.
"என் பாதியில் எனக்கென்று ஒன்றைப் போட்டுக்கொடு.
அவன் பாதியைத் தொடாதே.
என் வீட்டுக்குப் போக
அவன் கடவுச்சொல்லை நான் ஏன் தட்ட வேண்டும்?"

முதலில் விண்டோஸை அணைத்தேன்.
அது அணையவில்லை.
அணைந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு
வட்டைப் பிடித்தபடியே கிடந்தது.
"அவனேதான்" என்றாள்.
அந்த வசதியைத் தேடிப்பிடித்து நிறுத்திய பிறகே
உண்மையாகத் தூங்கியது.

டி-யில் அறுபத்தொரு கால்பந்து ஆட்டங்கள்.
அவனுடையவை, அவள் நிலத்தில்.
அழித்துவிடலாமா என்றேன்.
பதில் சொல்லாமல் மேலே போய்
ஒரு வெளி வட்டைக் கொண்டுவந்தாள்.
நகலாகி முடிய இரண்டு மணி நேரம்.
அதுவரை ஏலக்காய் போடாத என் காபியைக்
குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தத் திரை.
கட்டம் கட்டமாக ஒரே வட்டு.
எந்தப் பகிர்வு? மூன்றாவது.
ஃபார்மட் செய்யவா? ஆம்.
திரும்பப் பெற முடியாது, உறுதியா?
நீதிமன்றத்திலும் இதே கேள்விதான்,
அங்கே இரண்டு முறை கேட்டார்கள் என்றாள்.
சுட்டி விரல் என்னுடையது.
இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
ஒரு மயிரிழை இடைவெளி.
மூச்சை விட்டுவிட்டு அழுத்தினேன்.

மறுபடி எழுந்தபோது
கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள்,
தேர்ந்தெடுக்கப் பத்து விநாடி.
"மேலே யார்?"
"நீதான்."
"வேண்டாம், சண்டை வரும்.
கடைசியாக யார் இருந்தார்களோ
அவர்களே மேலே இருக்கட்டும்."
அப்படியும் ஓர் ஏற்பாடு இருந்தது.

ஒன்பது நாள் சமாதானம்.
பத்தாம் நாள் நுக்ஸார் என் கதவை உதைத்தான்.
அவன் பாதியில் ஒன்றும் குறையவில்லை,
ஒரு கோப்பு கூட.
நேரம்தான் நான்கு மணி பின்தங்கிவிட்டது.
இரவு பத்தரைதானே என்று
ஓர் ஆட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறான்.
வெளியே இரண்டரை.
காலை ஷிஃப்டின் பேருந்து
அவனுக்காக நிற்கவில்லை.

இது யார் தப்பும் இல்லை.
பலகையில் இருப்பது ஒரே கடிகாரம்.
அதில் இருப்பது இந்த ஊர் நேரம் என்று
அவன் அமைப்பு நம்புகிறது.
அவளுடையதோ அங்கே கிரீன்விச்சை எழுதிவைத்து
தன் கணக்கில் நான்கைக் கூட்டிக்கொள்கிறது.
இரண்டும் ஒரே முள்ளைத்தான் பார்க்கின்றன.

சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும்,
யாராவது ஒருவர் பக்கத்தில்.
மக்வாலாவிடம் சொன்னேன்.
கை துடைத்த துணியை மடித்தாள்,
பிரித்தாள், மறுபடி மடித்தாள்.
"இந்த மாதம் போகட்டும்."
நுக்ஸாரிடமும் சொன்னேன்.
"நான் ஏன் மாற்ற வேண்டும்?
முதலில் குடிவந்தவன் நான்."

அதன்பிறகு ஷிஃப்ட் நாட்களில்
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு
என் கூரைக்கு மேலே
ஜிப்சத்தில் மூன்று தட்டு.
கொஞ்சம் பொறுத்து
எதிர்ப்பக்கத்திலிருந்து
ஒன்று.