தெற்கு வானம்

மைனாட் நகரக் கடையில்
பையன் இரண்டு அட்டைகளை நீட்டினான்:
காருக்கு மட்டும் ஒரு விலை,
காருக்கும் வீட்டுக்கும் இன்னொன்று.
முதல் மூன்று மாதம் இலவசம் என்றான்,
நான்காம் மாதத்தைப் பற்றி வாய் திறக்காமல்.

ஆன்ஸெலுக்கு ஹாக்கி வேண்டும்.
எனக்கு,
ஈன முடியாமல் தவிக்கும் பசுவைத் தேடி
நூறு மைல் போகும் இரவுகளில்
யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்,
வானிலையைத் தவிர எதையாவது.

ஒரே பெட்டி வாங்கினோம்.
பிடுங்கிக் காரில் செருகலாம்,
பிடுங்கிச் சமையல் மேடையிலும்.
மாதம் பதினோரு டாலர் மிச்சமென்று
ரசீதின் முதுகில் கணக்குப் போட்டான்.

செயற்கைக்கோள் தெற்கே இருக்கிறதாம்.
எங்கள் சமையலறை ஜன்னலோ
கனடாவைப் பார்த்தபடி.
கம்பியைக் குளியலறை வரை இழுத்தோம்.
அங்கே கேட்டது,
பக்கத்து வீட்டு ஸ்ப்ரூஸ் மரம்
அசையாதவரை.

இன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
வாசலில் எஞ்சின் ஓட
காருக்குள் உட்கார்ந்து ஆட்டம் கேட்கிறான்.
மிச்சம் பிடித்த பதினோரு டாலர்
புகைக்குழாய் வழியே போகிறது.

போன். ஹால்வர்சன் பண்ணை.
பின்னங்கால் முதலில் வருகிறதாம்.
பையோடு ஓடிக் கதவைத் திறக்கிறேன்.
பக்கத்து இருக்கைக்கு நகர்கிறான்,
இறங்கவில்லை.
"இன்னும் ஏழே நிமிஷம்."
பண்ணைக்கு ஐம்பது.

ரயில் பாலத்தின் அடியில்
சத்தம் அறுகிறது.
அந்த நான்கு நொடிக்குள்
இருவரும் ஒரே நேரத்தில்
பேச வாயெடுக்கிறோம்.