பின்வாசல்

முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
காரைக்குடியில் இது தெரியாதது
என் போனுக்கு மட்டும்தான்.

பூட்டிக் கிடக்கும் தேக்குக் கதவைக் காட்டி
வந்துவிட்டீர்கள் என்கிறது.
ஆள் குடியிருப்பதோ கடைசிக் கட்டில்.
பிரியாணியோடு சுற்றிப் போக நாலு நிமிஷம்.
அதற்குப் பெயர் ‘காரணமற்ற தாமதம்’,
பிடித்தம் பதினெட்டு ரூபாய்.

பிடித்தது யார்?
கேட்டால்
கைகூப்பும் பொம்மை ஒன்று வருந்துகிறது.

சவரிமுத்து நாற்பது பக்க நோட்டு வாங்கினான்.
கழனிவாசல் டீக்கடையில்
ஒன்பது பேர் எழுதினோம்:
வீடு, தெரு, சுற்றிய நிமிஷம், போன காசு.
மழையில் ஊறிய பக்கத்தை
மறுபடியும் எழுதினோம்.

நாளைக்குத் தொழிலாளர் அலுவலகம்.
போனை அணைக்க வேண்டாம் என்றான் சவரி.
ஆர்டரே இல்லாமல்
ஒன்பது புள்ளிகள்
சிவகங்கைப் பக்கம் நகர்வதை
அது பார்க்கட்டும்.