அடிவாரத்தில் கைமாறும் பட்டாபிஷேகம்

அண்ணனுக்கு நல்லதம்பி என்று பெயர் வைத்தது
அப்பா செய்த முதல் குழப்பம்.
அடுத்தது, இந்தப் படம் யாருக்கென்று
எழுதாமல் போனது.

செவ்வாய்ப்பேட்டை வீட்டை விற்றோம்.
பித்தளை அண்டாவைக்கூட எடைபோட்டுப் பிரித்தோம்.
மூன்றடிக்கு இரண்டடிப் பட்டாபிஷேகம்
எந்தத் தராசிலும் உட்காரவில்லை.
ரேக் எத்தனை கிராம் தேறும் என்று
அடகுக்கடையில் விசாரித்தான் அண்ணன்.
"சுரண்டினா ஒரு மூக்குத்திக்கு வராது."
அதற்குப் பிறகுதான்
இரண்டு பேருக்குமே அது வேண்டியிருந்தது.

ஆளுக்கு ஆறு மாதம் என்றார் வக்கீல்.
தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.
சூரமங்கலத்தில் என் வீட்டுச் சுவர்
பங்குனியிலேயே தோசைக்கல்;
பலகை வளைந்தால் சுக்கான் பூச்சு வெடிக்கும்.
ஏற்காட்டிலோ ஆனி பிறந்துவிட்டால்
மூட்டம் ஜன்னல் வழியே வந்து
நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்,
தீக்குச்சி பற்றாது.
ஆகவே வெயிலுக்கு மேலே, ஈரத்துக்குக் கீழே.
அவனுக்கு மூன்று மாதம், எனக்கு ஒன்பது.
அண்ணி இன்னும் அந்தக் கணக்கை மன்னிக்கவில்லை.

பதினோரு வருடமாக
அடிவாரம் நிறுத்தத்தில் கைமாறுகிறது.
பழைய வேட்டியில் சுற்றி, படுக்கப் போடாமல்,
டவுன் பஸ்ஸில் என் மடியில் நிமிர்ந்து வரும்.
ஒரு கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.
எஸ்டேட் ஜீப்பிலிருந்து இறங்குவான் அவன்.
வா இல்லை, போ இல்லை.
சட்டத்தின் முதுகில் ஒட்டிய உறைக்குள்
ஒரு துண்டுச்சீட்டு.

"பரதன் குடைக்கு மேலே ரேக் தூக்கியிருக்கு.
விரலால் அழுத்தாதே. பசை தொடாதே. விட்டுவிடு."

"ஈரத்துணி கூடாது. விபூதி கூடாது.
படத்துக்கு அடியில் விளக்கு வேண்டாமென்று அண்ணியிடம் சொல்.
கண்ணாடி இடுக்கு வழியாக
சீதை மூக்குவரைக்கும் புகை ஏறியிருக்கு."

"செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம்,
ரெண்டு வைத்திருக்கேன். குப்பை என்று எறியாதே."

"நாலு மூலையிலும் கார்க் ஒட்டியிருக்கேன்.
முதுகுக்குக் காற்று வேண்டும்."

அவன் சர்க்கரையை நானும்
என் முழங்காலை அவனும்
ஒரு நாளும் விசாரித்ததில்லை.

படத்தில் பாருங்கள்,
குடை பிடிப்பவன் ஒருத்தன், சாமரம் ஒருத்தன்,
கைகட்டி நிற்பவன் ஒருத்தன்.
கூடப்பிறந்த நாலு பேரும் ஒரே சட்டத்துக்குள்
இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
தூசி தட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான்.

போன ஆனியில் வந்த சீட்டில் எழுத்து கோணல்:
"கண்ணில் புரை. முகம் ஒண்ணும் பிடிபடல.
தங்கம் மட்டும் தெரியுது."

இந்த மாசிக் கடைசியில்
நான் அடிவாரத்தில் இறங்கவில்லை.
மலைப் பஸ்ஸில் ஏறியிருந்தேன்.
காத்திருந்த ஜீப்பைத் தாண்டிப் போனது பஸ்.
டிரைவர் காளியண்ணன் என்னைப் பார்த்துவிட்டார் போல;
இருபது கொண்டை ஊசி வளைவும்
ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது ஜீப்.

அவன் வீட்டுக் கூடத்தில் ஐந்து ஆணித்துளைகள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சில் எழுத்து.
காலை வெயில்.
குளியலறை ஈரம்.
அடுப்பு.
கதவு அறைந்தால் அதிருது.
ஐந்தாவதில் மட்டும் இரண்டு வரி:
இது சரியான இடம்.
நாற்காலியிலிருந்து தெரியாது.

நாற்காலியை நகர்த்தினேன்.
அது நகரும் என்று
இந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மஞ்சள் பல்பை மேலேயிருந்து சரித்துக் கட்டினோம்,
முகத்துக்கு அல்ல, ரேக்குக்கு.
"ஆபரேஷன்?"
"மிளகு பறிச்சு முடியட்டும்."
பதினோரு வருடத்தில் இதுதான் பேச்சு.

மாட்டிவிட்டுத் தள்ளி நின்று கேட்டேன்,
நேரா இருக்கா?
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்,
நேராத்தான் இருக்கு.

வலப்பக்கம் அரை விரற்கடை இறக்கம்.

கடைசி பஸ் ஆறு மணிக்கு என்றாள் அண்ணி,
எனக்கும் சேர்த்து
அரிசி களைந்துகொண்டே.