அம்புக்குறி

கிண்டியில், ஏசி கொஞ்சம் அதிகமாக வைத்த ஓட்டல் அறையில்
இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினோம் எங்கள் வியூகத்தை.
அறுபத்து நாலு பக்கம்.
கெட்டி அட்டையில் ஓர் அம்புக்குறி:
இடது கீழ் மூலையில் இந்த வருட விற்பனை,
வலது மேல் மூலையில் மூன்று மடங்கு.
மிளகு போண்டா வந்த நேரம்
அதன் நுனி திரையைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது.

படிகாரத்தை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.
முப்பத்தோரு வருடம் எங்களுக்குச் சம்பளம் போட்ட படிகாரம்.
"கிலோவுக்கு அறுபது பைசாகூட நிக்கலை" என்றார் எம்.டி. பத்மலோசனி.
அவர் அப்பா ஆரம்பித்த சரக்கு.
சொல்லும்போது பேனா மூடியைத்
திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
இனி மருந்துக் கம்பெனிகளுக்கான மூலப்பொருள்.
கைதட்டினோம்.
கடைசி அட்டவணை என்னுடையது, நான் திட்டமிடல் மேலாளர்:
நூற்றுப் பன்னிரண்டு வேலைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு நிறம்.

மணலியில் திட்டத்துக்கு நாக்கு குழறியது.
புது பம்பு ஆறு நாள் துறைமுகத்துக்கும் எங்கள் கேட்டுக்கும் நடுவே
கன்டெய்னர் லாரி வரிசையில் கிடந்தது.
வாரியத்தில் கோப்பு மேஜை மாறவில்லை.
மெயின்டனன்ஸ் காஜா மொய்தீன் கேட்டார்:
"அஞ்சு வருசத்துல மூணு மடங்கு, சரி சார்.
வர்ற செவ்வாக்கெழமை வெல்டர் எத்தனை பேர்?"
அதற்கு ஸ்லைடு இல்லை.

ஏழாம் குழாயைத் திருப்பினோம்.
முன்பு அமிலம் மேற்கே போகும், படிகாரத் தொட்டிக்கு.
இனி கரைப்பான் கிழக்கே போக வேண்டும், புது ரியாக்டருக்கு.
வரைபடத்தில் மாற்றினோம். கணினியில் மாற்றினோம்.
பச்சை அடித்தது நான்.

ஐப்பசி மழை, இரவு ஷிப்ட்.
ஒடிசாவிலிருந்து வந்து பதினெட்டு நாளான பிரதாப்
தமிழ் படிக்கமாட்டான், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டுவான்.
குழாய்மேல் மஞ்சள் அம்பு யாருக்கும் புரியும்.
அது காட்டிய பக்கத்து வால்வைத் திறந்தான்.
அது இன்னும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

தொட்டியின் அடியில் மிச்சமிருந்த அமிலம்
கரைப்பானைக் கண்டு சீறியது.
வெள்ளைப் புகை கூரைத் தகட்டை முட்ட,
ஷிப்ட் இன்சார்ஜ் சுகிர்தமேரி மழைக்கோட்டோடு ஓடி
வால்வை இறுக்கிய சத்தத்தை
ஃபோனில் நான் கேட்டேன், கொளத்தூரில், படுக்கையில்.

யாருக்கும் பாதிப்பில்லை என்று அறிக்கை எழுதினேன்.
சுகிர்தமேரியின் முன்கையில்
ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு. அதைப் பிறகு சேர்த்தேன்.
விசாரணையில் பிரதாப் எதுவும் பேசவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்
குழாயைக் காட்டினான்.

நூற்றுப் பன்னிரண்டையும் தேடினேன்.
பெயின்ட் அடிப்பது எதிலும் இல்லை.

சனிக்கிழமை வெட்டினேன்,
வியூகத்தின் அட்டையிலிருந்து அந்த அம்பை.
அது போன ஓட்டையை ஸ்டென்சிலாக வைத்து,
அட்டையைப் படுக்கவைத்து, கிழக்கே திருப்பி,
பிரதாப் பிடித்துக்கொள்ள நான் அடித்தேன்.
எண்ணூர்க் காற்றின் ஈரத்தில் பெயின்ட் வழிந்தது;
இரண்டாவது அம்புக்கு ஒரு மீசை முளைத்தது.
முப்பத்தெட்டு அம்புகள். பத்தொன்பதாவதிலிருந்து
பிரஷை அவன் வாங்கிக்கொண்டான்.
அவனுடையது நேராக வந்தது.

மஞ்சள் பெயின்ட் ஒரு லிட்டர், பிரஷ் இரண்டு.
அக்கவுன்ட்ஸிலிருந்து பில் திரும்பி வந்தது,
எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற பென்சில் கேள்வியோடு.
'வியூகம்' என்று எழுதி அனுப்பினேன்.

இன்னும் பாஸ் ஆகவில்லை.