விடை

செப்டம்பர் ஒன்று. அர்வைஹேர்.
புல் அதற்குள் மஞ்சள்.
விடுதிக்கு வந்திறங்கிய பிள்ளைகளின் கோட்டுகளில்
சாணிப் புகை வாசம்.

முதல் நாள்தானே, எளிதாக இருக்கட்டுமென்று
கரும்பலகையில் எழுதினேன்:
3x + 6 = 6.

கடைசி வரிசை தாஷ்ன்யாம்
x-ஐ எங்கள் எழுத்தாகவே படித்தான்,
ஹ.
ஹ என்றால் ஹோன், செம்மறி.
வகுப்பு சிரித்தது. நானும்தான்.

ஆறை மறுபக்கம் ஓட்டினான்
குறி மாற்றி,
வெள்ளம் வடிந்த இடம் பார்த்து
மந்தையை இறக்குபவன்போல.
மூன்றால் வகுத்தான்.
பூஜ்யம்.

அப்போதுதான் நினைவு வந்தது
போன பனிக்காலம்.
வேறு கணக்கு போடலாமென்று
டஸ்டரைத் தேடினேன்.

"அழிக்காதீங்க டீச்சர்,
விடை சரிதான்.

அந்த ஆறு
குதிரைங்க.
அதுங்க பிழைச்சுக்கிச்சு."